ஈறு ஆறும்போது இரத்தத்தில் நிகழ்வது

பல்லைத் தாங்கி நிற்கும் ஈறும் எலும்பும் சிறுகச் சிறுக அழியும் நோய் பெரிய வலி எதுவும் தராமல் ஆண்டுக்கணக்கில் வளரக்கூடியது என்பதால், துலக்கும்போது கசியும் இரத்தத்தையும் வாய் நாற்றத்தையும் பொருட்படுத்தாதவர்கள், பல் ஆடத் தொடங்கிய பிறகே பல் மருத்துவரிடம் செல்கின்றனர். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வாய்நல அறிக்கை, உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் கடுமையான ஈறு நோயுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. இந்த நோயின் விளைவு வாயோடு முடிவதில்லை என்பதும், கத்தி வைக்காமல் செய்யப்படும் எளிய சிகிச்சையே இரத்தத்தில் உள்ள அழற்சிக் குறிகாட்டிகளை ஓரளவு தணிக்கிறது என்பதும் கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகளில் தெளிவாகிவந்துள்ளன. கள்ளக்குறிச்சியைப் போல, சமவெளியில் சர்க்கரை நோய் பெருகிவருவதும் மலையில் பல் மருத்துவம் எட்டாத தொலைவில் இருப்பதுமான ஒரு மாவட்டத்திற்கு இந்தச் செய்தி நேரடியாகப் பொருந்துகிறது.

நோயின் தொடக்கம் மிக எளியது. உணவு உண்ட சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் நுண்ணுயிரிகள் ஒட்டிப் படரும் மெல்லிய பசைப் படலம், துலக்கி நீக்கப்படாவிட்டால், உமிழ்நீரில் உள்ள சுண்ணச் சத்தை ஏற்றுக் கெட்டிப்பட்டுக் காரையாகிறது. அதன் சொரசொரப்பான பரப்பில் புதிய படலம் இன்னும் எளிதாகப் படிகிறது. இயல்பான நிலையில் ஈறுக்கும் பல்லுக்கும் இடையே ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் ஆழமுள்ள சிறு பள்ளம் மட்டுமே இருக்கும். எலும்பும் இணைப்பு நார்களும் சிதையும்போது அந்தப் பள்ளம் நான்கு, ஐந்து, ஏழு மில்லிமீட்டர் என ஆழ்ந்து, தூரிகை எட்டாத பையாக மாறுகிறது. அந்தப் பையின் உட்சுவர் ஆறாத புண்ணாகவே இருக்கிறது. ஈறு நோய் உள்ள ஒருவரின் வாயில் அழற்சியுற்ற இந்தப் பரப்பு மொத்தமாக 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை இருக்கலாம் என்று 2001இல் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. அவ்வளவு பெரிய புண் முழங்காலில் இருந்தால் எவரும் ஒரு வாரம்கூடப் பொறுத்திருக்கமாட்டார். ஈறுக்குள் மறைந்திருப்பதால் பத்தாண்டுகள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

மெல்லும்போதும் துலக்கும்போதும் நுண்ணுயிரிகளும் அவற்றின் நச்சுக் கூறுகளும் அந்தப் புண்ணின் வழியாக இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றை எதிர்க்கத் திரளும் வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின்-6 போன்ற செய்திப் புரதங்களைச் சுரக்கின்றன. அவை கல்லீரலை அடைந்ததும், கல்லீரல் சி-ரியாக்டிவ் புரதம் என்னும் பொருளைக் கூடுதலாக உண்டாக்கி இரத்தத்தில் விடுகிறது. மருத்துவமனைச் சீட்டுகளில் சிஆர்பி என்று எழுதப்படுவது இதுவே. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வில்லியம் டிலெட், தாமஸ் பிரான்சிஸ் ஆகிய இருவர், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தை ஆராயும்போது 1930இல் கண்டறிந்த இந்தப் புரதம், கடும் தொற்றுக் காலத்தில் லிட்டருக்கு 100 மில்லிகிராமையும் தாண்டிச் செல்லும். ஈறு நோயில் அது அப்படிப் பாய்ந்து ஏறுவதில்லை. நுட்பமான சிஆர்பி பரிசோதனையில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது இதய நோய்க்கான குறைந்த அபாயம் என்றும், மூன்றுக்கு மேல் இருப்பது கூடுதல் அபாயம் என்றும் கொள்ளப்படுகிறது; ஈறு நோய் உண்டாக்கும் ஏற்றம் பெரும்பாலும் இந்தச் சிறிய எல்லைக்குள்ளேயே, ஆனால் ஆண்டுக்கணக்கில் இறங்காமல், நிலைத்திருக்கிறது. காய்ச்சல், காயம், கர்ப்பம், உடல் பருமன், புகைப்பழக்கம் ஆகிய ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இதை உயர்த்தக்கூடும் என்பதால், சிஆர்பி அளவை மட்டும் வைத்து ஈறு நோய் உண்டென்றோ இல்லையென்றோ கூறிவிட முடியாது.

சிகிச்சை இல்லாவிட்டால் இந்த நோய் எங்கே போய் நிற்கும் என்பதை உலகத்திற்குக் கற்பித்தவர்கள் தமிழர்களே என்பது தமிழ் வாசகர்களிடையே பரவலாக அறியப்படாத செய்தி. பல்லைத் துலக்காமல் விட்டால் இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஈறு அழற்சி தோன்றும் என்பதையும், மீண்டும் துலக்கத் தொடங்கினால் அது மறைந்துவிடும் என்பதையும் 1965இல் ஒரு சிறு சோதனையின் மூலம் நிறுவிய நார்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞர் ஹரால்டு லோ, துலக்கும் வழக்கமும் பல் மருத்துவமும் இல்லாத மக்களிடம் நோயின் இயல்பான போக்கைக் காண விரும்பி, 1970இல் இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார். திருச்சி, சேலம், ஆற்காடு முதலான மாவட்டங்களிலிருந்து பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் கொண்டுசெல்லப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த அந்த ஆய்வின் முடிவு 1986இல் வெளிவந்தது. அவர்களிடம் பற்சொத்தை ஏறக்குறைய இல்லை. ஆனால் அனைவரின் பற்களிலும் படலமும் காரையும் இருந்தன, அனைவரின் ஈறும் அழற்சியுற்றிருந்தது. அப்படியிருந்தும் 11 சதவீதத்தினருக்கு நோய் ஈறு அழற்சியைத் தாண்டவில்லை. 81 சதவீதத்தினருக்கு மிதமான வேகத்தில் வளர்ந்தது. 8 சதவீதத்தினருக்கு விரைந்து பரவி, 35 வயதிற்குள்ளாகவே பல்லின் பிடிமானம் சராசரியாக 9 மில்லிமீட்டர் அளவுக்கு அழிந்திருந்தது. அவர்களில் எஞ்சிய 75 பேரை 2010இல் மீண்டும் பரிசோதித்த குழு, 30 வயதில் பிடிமான இழப்பு இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தவர்களே 60 வயதில் இருபது பற்களையாவது காப்பாற்றிக்கொள்ளும் வாய்ப்புப் பெற்றிருந்தார்கள் என்று 2017இல் எழுதியது. ஒரே சுகாதாரக் குறைவில் வாழ்பவர்களுக்குள்ளும் உடலின் எதிர்வினை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்ற பாடம் இந்தத் தொழிலாளர்களின் வாயிலிருந்து கிடைத்தது. இன்று உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடநூல்களில் அது இடம்பெற்றிருக்கிறது. அந்த அறிவின் பயன் அவர்களின் உறவு வழியில் வந்த ஏழைத் தமிழர்களுக்கு இன்னும் முழுமையாகத் திரும்பி வரவில்லை என்பது வருந்தத்தக்கது.

ஹரால்டு லோவே 1993இல், கண், சிறுநீரகம், நரம்பு முதலியவற்றின் பாதிப்புகளோடு சேர்த்து, ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று குறிப்பிட்டார். பிற்கால ஆய்வுகள் இந்த உறவு இருவழியில் இயங்குவதைக் காட்டின. இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது வெள்ளணுக்களின் செயல் கெட்டு ஈறு ஆறுவது தாமதப்படுகிறது. ஈறில் தொடரும் அழற்சியின்போது சுரக்கும் புரதங்கள் இன்சுலின் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கின்றன. எனவே ஒன்றைக் கவனிக்காமல் மற்றதை மட்டும் அடக்க முயல்வது வீண் உழைப்பாகிறது.

அறுவை இல்லாத சிகிச்சை என்பதில் வியப்பூட்டும் கருவி எதுவும் இல்லை. மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் பள்ளத்தின் ஆழத்தை அளந்து குறித்துக்கொண்டு, மரத்துப்போக ஊசி போட்டு, மீயொலி அதிர்வுக் கருவியாலும் வளைந்த கைக்கருவிகளாலும் ஈறுக்கு மேலும் கீழும் உள்ள காரையையும் படலத்தையும் சுரண்டி எடுத்து, வேர்ப்பரப்பை வழவழப்பாக்குவதே அது. பல் மருத்துவர்கள் ஸ்கேலிங் என்றும் ரூட் பிளானிங் என்றும் இதைச் சொல்கின்றனர். இதைவிட முக்கியமான பாதி, நோயாளியின் வீட்டில் நடக்கிறது. எப்படித் துலக்குவது, பல்லிடுக்கைச் சிறு தூரிகையால் எப்படிச் சுத்தம் செய்வது, புகையிலையை ஏன் விடவேண்டும் என்பவற்றைக் கற்றுக்கொடுக்காமல் செய்யப்படும் ஸ்கேலிங், சில மாதங்களில் பயனிழந்துவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பார்த்து, அப்போதும் ஆழம் குறையாத பைகள் எஞ்சினால்தான் அறுவைச் சிகிச்சை பற்றிய பேச்சு எழுகிறது.

இந்தச் சிகிச்சைக்குப் பின் இரத்தத்தில் என்ன நடக்கிறது என்பதை மிக நுணுக்கமாகக் காட்டிய ஆய்வு லண்டனில் நடந்தது. கடும் ஈறு நோய் உள்ள 120 பேரைச் சமவாய்ப்பு முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மேலோட்டமான சுத்தம் மட்டும் செய்து, மற்றப் பகுதியினருக்கு ஆழமான சுத்தத்தோடு பைகளுக்குள் கிருமிக்கொல்லி மருந்தும் வைத்து, காப்பாற்ற இயலாத பற்களைப் பிடுங்கினார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, தீவிர சிகிச்சை பெற்றவர்களுக்கு மறுநாளே சிஆர்பியும் இன்டர்லூக்கின்-6உம் உயர்ந்தன. இரத்த நாளங்கள் விரிந்துகொடுக்கும் தன்மையும் குறைந்தது. இரண்டு மாதத்திலும் ஆறு மாதத்திலும் அந்த நிலை மாறி, நாளங்களின் விரிதிறன் மற்றக் குழுவினருடையதைவிட மேம்பட்டிருந்தது. சிகிச்சை முதல் ஓரிரு நாளில் அழற்சியைக் கூட்டிப் பிறகே குறைக்கிறது என்பதை ஒவ்வொரு நோயாளியும் தெரிந்துகொள்வது நல்லது. பல்லைச் சுத்தம் செய்த கையோடு இரத்தப் பரிசோதனை செய்து, அளவு ஏறிவிட்டதே என்று அஞ்சுவதற்கு அவசியமில்லை.

பல சிறு ஆய்வுகளைச் சேர்த்துக் கணித்த 2008ஆம் ஆண்டு மதிப்பீடு ஒன்று, அறுவையற்ற சிகிச்சைக்குப் பிறகு சிஆர்பி லிட்டருக்குச் சராசரியாக அரை மில்லிகிராம் குறைவதாகக் கண்டது. இந்த அளவு கேட்பதற்குச் சிறியது. ஆனால் முழு அபாய அளவுகோலும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் அடங்கியிருக்கும்போது, மருந்து எதுவும் விழுங்காமல் கிடைக்கும் அரை மில்லிகிராம் பொருட்படுத்தத்தக்கதே. சர்க்கரை நோயாளிகளைப் பொறுத்தவரை சான்று இன்னும் வலுவானது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022இல் 35 ஆய்வுகளையும் 3,249 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்து, மூன்று மாத சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு, ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதங்களில் 0.43 புள்ளியும், ஓராண்டில் 0.50 புள்ளியும் குறைவதாக அறிவித்தது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையோடு இன்னொரு மாத்திரையைக் கூட்டினால் கிடைக்கக்கூடிய பயனோடு இதை ஒப்பிட்டுப் பேசும் மருத்துவர்கள் பலர் உள்ளனர்.

மறுதரப்புச் சான்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 514 சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான பெரிய ஆய்வு, ஆறு மாத முடிவில் எச்பிஏ1சி குறையவே இல்லை என்று கண்டது. பங்கேற்றவர்களில் பலர் மிகுந்த உடல் பருமன் உடையவர்கள் என்றும், சிகிச்சைக்குப் பிறகும் அவர்களின் பற்களில் படலமும் ஈறில் கசிவும் கணிசமாக எஞ்சியிருந்தன என்றும் விமரிசகர்கள் சுட்டினர். ஈறு உண்மையில் ஆறாதபோது இரத்தத்தில் மாற்றத்தை எதிர்பார்ப்பது பொருந்தாது என்ற அவர்களின் வாதம் ஏற்கத்தக்கது. 2018இல் லண்டனிலிருந்து வந்த மற்றோர் ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. அங்கே 264 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு ஆழமான சுத்தமும், தேவைப்பட்டவர்களுக்கு அறுவையும், மூன்று மாதத்திற்கு ஒருமுறை தொடர் பராமரிப்பும் அளிக்கப்பட்டன. ஓராண்டு முடிவில் அவர்களின் எச்பிஏ1சி மற்றவர்களுடையதைவிட 0.6 புள்ளி குறைந்திருந்தது. ஈறு முழுமையாக ஆறாமல் எஞ்சுவதற்கும் விடாமல் பராமரித்து ஆற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டையே இந்த இரு ஆய்வுகளும் சேர்ந்து காட்டுகின்றன.

குறிகாட்டி குறைவது ஒன்று, மாரடைப்பு தடுக்கப்படுவது மற்றொன்று. சென்னை ஆய்வாளர்கள், பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களின் இதய நாளப் படிவுகளில் ஈறு நோய்க் கிருமிகளின் மரபணுத் தடயத்தைக் கண்டறிந்திருக்கிறார்கள். எனினும் அமெரிக்க இதய சங்கம் 2012இல் சான்றுகள் அனைத்தையும் ஆராய்ந்து, ஈறு நோய்க்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு, ஆனால் ஒன்றே மற்றதற்குக் காரணம் என்பதோ ஈறு சிகிச்சை மாரடைப்பைத் தடுக்கும் என்பதோ நிறுவப்படவில்லை என்று அறிவித்தது. பல் சுத்தம் செய்துகொண்டால் இதயம் காப்பாற்றப்படும் என்று விளம்பரம் செய்பவர்கள் அறிவியலைத் தாண்டிப் பேசுகிறார்கள்.

இந்தச் சான்றுகளைக் கள்ளக்குறிச்சியோடு பொருத்திப் பார்ப்போம். 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் சமவெளியையும், மேற்கே மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் பயிரிட்டு வாழும் கல்வராயன் மலையையும் ஒன்றாகக் கொண்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது; அது நகரத்து நோயாக மட்டும் இருந்த காலம் போய்விட்டது. 2016-17இல் எடுக்கப்பட்ட தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் ஐந்தில் ஒருவர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துபவர். புகைப்பவரின் ஈறில் இரத்த ஓட்டம் குறைவதால் கசிவே வெளியில் தெரிவதில்லை. நோய் முற்றிய பிறகும் ஈறு நன்றாக இருப்பதாகவே அவர் எண்ணிக்கொள்கிறார். வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கமோ, அடக்குமிடத்தின் ஈறைத் தேய்த்து வேரை வெளிக்காட்டுவதோடு, வாய்ப் புற்றுநோய்க்கும் வழிவகுக்கிறது.

மலையில் வாழ்பவருக்குச் சிகிச்சையின் கால அட்டவணையே ஒரு தடையாகிறது. வழக்கமான முறையில் வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, வாரத்திற்கு ஒன்றாக நான்கு முறை அழைக்கிறார்கள். கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையைச் சுற்றியுள்ள குக்கிராமங்களிலிருந்து கோமுகி அணையைக் கடந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வரும் கூலித் தொழிலாளிக்கு, ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி இழப்பு; இரண்டாம் வருகையோடு அவர் நின்றுவிட்டால் அதை அலட்சியம் என்று கூறுவது நியாயமன்று. முழு வாயையும் ஒரே நாளில் அல்லது அடுத்தடுத்த இரு நாளில் சுத்தம் செய்யும் மாற்று முறை உண்டு. பெல்ஜியத்தின் லூவென் நகர ஆய்வாளர்கள் 1995இல் முன்வைத்த முறையின் வழிவந்தது அது. இரு முறைகளுக்கும் இடையே நீண்டகாலப் பயனில் பெரிய வேறுபாடு இல்லை என்பது பிற்காலத் தொகுப்பாய்வுகளின் முடிவு. ஆனால் முழு வாயையும் ஒரே நாளில் செய்யும்போது மறுநாள் சிஆர்பி ஏறும் அளவு, பகுதி பகுதியாகச் செய்யும்போது ஏறுவதைவிட அதிகம் என்பது 2015இல் ஓர் இத்தாலிய ஆய்வில் தெரியவந்தது. ஆகவே உடல் நலமுள்ள மலைவாழ் மக்களுக்கு ஒரே முகாமில் முழுச் சுத்தம் செய்வது ஏற்புடையது. அண்மையில் மாரடைப்பு வந்தவர்களுக்கும், இதய வால்வில் கோளாறு உள்ளவர்களுக்கும், சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருப்பவர்களுக்கும் மருத்துவரின் ஆலோசனையோடு பகுதி பகுதியாகச் செய்வதே தகும். அழற்சிக் குறிகாட்டி பற்றிய ஆய்வு, மலைக்குச் செல்லும் மருத்துவ முகாமை எப்படி நடத்துவது என்பது வரை வழிகாட்டுவது இப்படித்தான்.

பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்ற அச்சம் படித்தவர்களிடமும் நிலவுகிறது. காரை அடைத்திருந்த இடம் வெளிப்படுவதாலும், வீங்கியிருந்த ஈறு ஆறி இறங்குவதாலும் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. எலும்பு அதற்கு முன்பே போய்விட்டது. சில வாரம் கூச்சமும் இருக்கும். இவற்றை முன்கூட்டியே எடுத்துச் சொல்லாத மருத்துவரிடமிருந்து நோயாளி மனம் கசந்து விலகுவதும், அந்த நோயாளி சொல்வதைக் கேட்டு ஊரே விலகுவதும் நடக்கின்றன.

மாவட்டத்தில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே உண்டு. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டின் மற்றப் பத்துப் புதிய கல்லூரிகளோடு தொடங்கிவைக்கப்பட்டது. சேலம், சிதம்பரம், புதுச்சேரி ஆகிய அண்டை ஊர்களில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகளை வீடு தேடிச் சென்று கொடுக்கின்றனர். மாத்திரை கொடுக்கும் அதே நேரத்தில், துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிகிறதா, பல் ஆடுகிறதா, புகையிலைப் பழக்கம் உண்டா என்ற மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டு, ஆம் என்று சொன்னவர்களைப் பல் மருத்துவரிடம் அனுப்புவதற்குப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த கருவியோ தேவையில்லை. மாவட்ட சுகாதார நிர்வாகம் இந்த மூன்று கேள்விகளைப் பணியாளர்களின் குறிப்பேட்டில் சேர்க்கட்டும். பல் மருத்துவக் கல்லூரிகள் ஆண்டுக்கு நான்கு முறையாவது வெள்ளிமலையில் முழுச் சுத்த முகாம் நடத்தட்டும். சர்க்கரை மாத்திரை வாங்கும் ஒவ்வொருவரும், அடுத்த முறை எச்பிஏ1சி பரிசோதனைக்குச் செல்லும் முன், ஒருமுறை ஈறைப் பல் மருத்துவரிடம் காட்டி, பள்ளத்தின் ஆழத்தை அளந்து எழுதித் தரும்படி கேட்டுப் பெறவேண்டும்.